அம்மா பிறந்த இடம்

நான் ஐந்தாம் வகுப்புப் படித்தபோது பள்ளியில் பொது அறிவுப் போட்டி வைத்தார்கள். உலகின் முதல் பெண் பிரதமர் யார் என்ற கேள்விக்கு எல்லோரும் இந்திரா காந்தி என்று எழுதியிருக்க, நான் மட்டும் சிறிமாவோ பண்டாரநாயக்கா என்று எழுதியிருந்தேன். பரிசாகக் கிடைத்த சோப்பு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். அப்பத்தா திண்ணையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். பெயரைச் சொன்னதும் கை நின்றது.

“அந்தம்மாவா? அந்தம்மாதானத்தா என்னைய இங்கன அனுப்பிவச்சுச்சு.”

அவ்வளவுதான் சொன்னாள். மறுபடி கீரை உருவத் தொடங்கினாள். அந்த ஒரு வரிக்குள் இருந்த கணக்கு எனக்குப் புரிய இன்னும் பதினைந்து ஆண்டுகள் ஆயின.

சேவுகம்பட்டியில் அப்பத்தாவைப் பெயர் சொல்லி யாரும் அழைத்ததில்லை. ‘சிலோன்காரி’ என்பார்கள். வயதில் சிறியவர்கள் ‘சிலோன் அப்பத்தா’ என்பார்கள். அவளோ தன் இளமையில் அந்தத் தீவில் ‘வடக்கத்தியாள்’ என்றும் ‘தோட்டக்காட்டாள்’ என்றும் அழைக்கப்பட்டவள். இரண்டு பக்கமும் அடுத்த கரையின் பெயர்தான் அவளுக்கு. பட்டிவீரன்பட்டிப் பக்கம் போனாலே காப்பி மணக்கும் ஊர் எங்களுடையது. கீழ்ப்பழனி மலையின் காப்பிக்கொட்டை அங்கேதான் இறங்கும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வீட்டில் மட்டும் பால் விடாத தேத்தண்ணி. உள்ளங்கையில் சர்க்கரையை வைத்து நக்கிக்கொண்டு அப்பத்தா அதைக் குடிக்கும் அழகைப் பார்க்கவே பிள்ளைகள் வருவார்கள்.

கல்லூரியில் பெண்ணிய வரலாறு படிக்கத் தொடங்கியபோது அந்தத் தீவைப் பற்றி எனக்குக் கிடைத்த செய்திகள் எல்லாம் வியப்பூட்டுபவையாகவே இருந்தன. 1931-இல் டொனமூர் அரசியலமைப்பின் கீழ் 21 வயது நிறைந்த ஆண் பெண் அனைவருக்கும் அங்கே வாக்குரிமை வந்துவிட்டது. பிரான்சுப் பெண்கள் 1944 வரை காத்திருந்தார்கள். நம் நாட்டுப் பெண்கள் அனைவரும் வாக்களித்தது 1951-52 தேர்தலில்தான். 1931-லேயே அடலின் மொலமுரே அரசாங்க சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அடுத்த ஆண்டு கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து. 1960 ஜூலை 21-இல் சிறிமாவோ பிரதமரானார்.

இன்னும் பின்னால் போனால் இன்னும் வியப்பு. கண்டிச் சட்டத்தில் இரண்டு வகைத் திருமணம் உண்டு. ‘தீக’ என்றால் பெண் கணவன் வீட்டுக்குப் போவது. ‘பின்ன’ என்றால் கணவன் பெண்ணின் வீட்டுக்கு வந்து வாழ்வது. சொத்து பெண்ணிடமே இருக்கும். 1859-இல் ஆங்கிலேயர் கண்டித் திருமணங்களைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தபோது இந்த இரண்டு வகையையும் எழுதிக்கொண்டார்கள். யாழ்ப்பாணத்தில் தேசவழமை. டச்சுக்காரர்கள் 1707-இல் எழுத்தில் தொகுத்த வழக்கம் அது. தாயின் சீதனம் மகளுக்குப் போகும். (அதை விற்பதற்குக் கணவனின் சம்மதம் வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாதி விடுதலைதான்.) மட்டக்களப்பில் முக்குவர் சட்டம். இன்றும் அந்தப் பக்கம் ஒருவர் எந்தக் குடி என்று கேட்டால் தாயின் குடியைத்தான் சொல்வார்கள். ஒரு சின்னத் தீவில் சிங்களவரிடமும் தமிழரிடமும் தாய்வழியாகச் சொத்தையோ குடியையோ கணக்கிடும் மரபுகள் இத்தனை இருந்திருக்கின்றன.

தீவின் தொடக்கக் கதையிலேயே நம் ஊர்ப் பெண்கள் வருகிறார்கள். ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் பௌத்த பிக்குகள் எழுதிய மகாவம்சத்தின்படி, கப்பலேறி வந்த விஜயன் முதலில் குவேனி என்ற தீவுப் பெண்ணோடு வாழ்ந்து இரண்டு பிள்ளைகள் பெற்றான். பட்டம் கட்டும் நேரத்தில் அரச குலத்துப் பெண் வேண்டும் என்று மதுரைக்குத் தூது போயிற்று. பாண்டிய மன்னனின் மகளும் அவளோடு நூற்றுக்கணக்கான கன்னியரும் பதினெட்டுத் தொழிற்குடிகளும் கடல் கடந்து மாதோட்டத்தில் இறங்கினார்கள். குவேனி விரட்டப்பட்டுக் கொலையுண்டாள். தீவிலேயே பிறந்த அவள் பிள்ளைகள் மலைநாட்டுக்குள் ஓடி மறைந்தார்கள். இது கதைதான், வரலாறு என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாய் மண்ணைச் சேர்ந்தவளாக இருந்தும் பிள்ளைகளுக்கு மண்ணில்லாமல் போவதைக் கதை சொன்னவர் எவ்வளவு இயல்பாகச் சொல்லிவிட்டுப் போகிறார் என்று படித்தபோது நினைத்துக்கொண்டேன்.

மதுரைச் சீமையிலிருந்து இரண்டாம் முறை பெண்கள் கப்பலேறியதற்குக் காரணம் ஒரு பூஞ்சை நோய். 19-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இலங்கை மலைகளில் பயிரானது காப்பி. காப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில்தான் அதிக ஆள் வேண்டும். ஆகவே மதுரை, திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம், சேலம் பக்கத்து ஆண்கள் பெரும்பாலும் தனியாகப் போய், சில மாதம் உழைத்துத் திரும்பினார்கள். மன்னாரிலிருந்து காடு வழியாக மாத்தளைக்கு நடை. வழியில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் செத்தவர்கள் பலர். 1869-இல் இலையில் துரு நோய் கண்டது. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் காப்பி அழிந்தது. ஜேம்ஸ் டெய்லர் என்ற துரை 1867-இல் கண்டிக்கு அருகே லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் நட்டுப் பார்த்திருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது.

தேயிலை வருடம் முழுக்கக் கொழுந்து விடும். வருடம் முழுக்கப் பறிக்க ஆள் வேண்டும். மலிவான ஆள் வேண்டும். அங்கேயே தங்கி அடுத்த தலைமுறைத் தொழிலாளியையும் பெற்றுத் தரும் ஆளாக இருந்தால் துரைக்கு இன்னும் வசதி. பெண் விரல் மென்மையானது, கொழுந்துக்கு ஏற்றது என்ற பேச்செல்லாம் அதன்பின் வந்த அலங்காரம். கவ்வாத்து வெட்டும் ஆணின் வேலை மதியத்தோடு முடியும். கொழுந்தெடுக்கும் பெண்ணின் வேலை மாலை வரை போகும். 1927-இல் வந்த குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி கீழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40, பிள்ளைக்கு 30. சம ஊதியம் வந்தது 1984-இல். அதுவரையில், ஏன், அதற்குப் பிறகும்கூட, பல தோட்டங்களில் மனைவியின் சம்பளத்தைக் கணவன்தான் கைநீட்டி வாங்கினான். “எம் பேருக்கு எம்புட்டு விழுந்துச்சுன்னு ஒங்க தாத்தா சொன்னாத்தான் எனக்குத் தெரியும்” என்பாள் அப்பத்தா. அங்கே ஒரு நாள் வேலையை ‘ஒரு பேர்’ என்பார்கள். பெயரை எழுதிக்கொள்வார்கள், பணம் இன்னொருவர் கைக்குப் போகும்.

அப்பத்தாவின் அம்மாவை நாங்கள் பூட்டி என்போம். அவள் 1915 வாக்கில் மாத்தளைப் பக்கத்து ஒரு தோட்டத்தின் லயத்தில் பிறந்தவள். அவளை மணந்தவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலிருந்து கங்காணியின் ஆள்கட்டலில் போனவர். அம்மையநாயக்கனூரில் ரயிலேறி, மண்டபத்தில் இலங்கை அரசே நடத்திய தடுப்பு முகாமில் நாள்கணக்கில் கிடந்து, மருந்துநீரில் குளிப்பாட்டப்பட்டு, தோட்டத்தின் எண் பொறித்த தகர வில்லையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு தனுஷ்கோடியில் கப்பலேறிய கூட்டத்தில் அவரும் ஒருவர். போகும்போதே கங்காணிக்குக் கடன். அவர்களுக்கு 1935-இல் பிறந்தவள் என் அப்பத்தா. என் தாத்தா சேவுகம்பட்டியில் பிறந்து, ஒன்பது வயதில் சித்தப்பாவோடு போனவர். 1939 ஆகஸ்ட்டில் இந்திய அரசு கூலியாள் அனுப்புவதைத் தடை செய்வதற்கு மூன்று வருடம் முந்தி.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். 1948-ஆம் ஆண்டின் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம், விடுதலை பெற்ற அதே வருடம் நவம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. இந்தச் சட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் பெரும்பாலும் இனத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சரிதான். 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளர் வாக்கால் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத் தொகுதிகளில் வென்றது. வேறு தொகுதிகளில் இடதுசாரிகளுக்கும் அந்த வாக்கு கைகொடுத்தது. அந்த வாக்கை ஒழிக்கத்தான் சட்டம் வந்தது. ஆனால் அதை எந்தக் கருவியால் செய்தார்கள் என்று பாருங்கள். அந்த நாளுக்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் குடிமகனாக வேண்டுமானால், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருக்க வேண்டும்; அல்லது தந்தைவழிப் பாட்டனும் அந்தப் பாட்டனின் தந்தையும் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும். அந்த நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைக்குத் தந்தை குடிமகனாக இருக்க வேண்டும். தாய் எங்கே பிறந்தாள் என்ற கேள்வியே இல்லை. ஒரே ஒரு இடத்தில் மட்டும் தாய் வருகிறாள். மணவாழ்க்கைக்கு வெளியே பிறந்த பிள்ளையென்றால் ‘தந்தை’ என்ற சொல்லைத் ‘தாய்’ என்று படித்துக்கொள்ளலாம். அதாவது முறைப்படி தாலி கட்டிப் பிள்ளை பெற்றவள் கணக்கில் கிடையாது.

என் அப்பத்தாவின் கணக்கை இதில் போட்டுப் பார்த்தேன். அவள் பிறந்தது இலங்கை. அவள் அம்மா பிறந்ததும் இலங்கை. ஆனால் அப்பா பிறந்தது திண்டுக்கல் பக்கம். ஆகவே அவள் அந்நாட்டவள் அல்ல. பூட்டியின் முப்பது வருடக் கொழுந்து, அவள் பெற்ற ஏழு பிள்ளைகள், அந்த மண்ணில் புதைத்த மூன்று எல்லாம் அந்தப் பிரிவில் எங்கேயும் ஏறாது. அந்தச் சட்டத்தை எழுதிய நாட்டின் நீதிமன்றங்களில் பின்னத் திருமணமும் சீதனமும் வாதிடப்பட்டுக்கொண்டிருந்தன என்பதையும் சேர்த்து நினைத்தால்தான் இதன் கொடுமை தெரியும். நிலமென்றால் தாய்வழியைப் படிக்கத் தெரிந்த நாட்டுக்குக் குடியுரிமையென்றால் அது மறந்துபோயிற்று.

1949-இல் இன்னொரு சட்டம் வந்தது. பதிவு செய்து குடியுரிமை பெறலாம் என்றது. 1946 சனவரி 1-க்கு முன் மணமானவர் 7 ஆண்டு, மணமாகாதவரும் துணையை இழந்தவரும் 10 ஆண்டு, விடாமல் தீவில் இருந்ததாகக் காட்ட வேண்டும். தாலி அறுத்த ஒருத்திக்கு மூன்று வருடம் கூடுதல் தண்டனை. எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக மனுக்கள் போயின. ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. எங்கள் மனு தள்ளுபடி. நாள்தோறும் அப்பத்தா எத்தனை ராத்தல் கொழுந்து எடுத்தாள் என்பதற்குத் தோட்டத்துச் செக்ரோலில் கணக்கு இருந்தது. அந்தத் துல்லியம் அவளுக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

அந்தத் தீவின் பெண்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. டொனமூர் குழுவிடம் வாக்குரிமை கேட்கப் போன பெண்களில் ஆக்னஸ் டி சில்வாவும் ஒருவர். தோட்டத்தில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் சேர்த்தா கேட்கிறீர்கள் என்று பிரபு கேட்டபோது, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்று பதில் சொன்னவர் அவர். மேல்தட்டுப் பெண் ஒருத்தி சொன்ன அந்தப் பதிலை நான் மதிக்கிறேன். அதைவிட நெருக்கமாக எனக்குத் தோன்றுபவர் மீனாட்சியம்மாள். தொழிற்சங்கம் கட்டிய கோ. நடேசய்யரின் மனைவி என்றே அவரை அறிமுகப்படுத்துவார்கள். கூலிகளின் துயரத்தைத் தெரிந்த மெட்டில் பாட்டாகக் கட்டி, துரை உள்ளே விடாத தோட்டங்களின் வாசலில் நின்று பாடியவர். பேச்சைவிடப் பாட்டு லயத்துக்குள் சீக்கிரம் நுழையும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பூட்டிக்கு அந்தப் பாட்டுகள் தெரிந்திருக்குமா என்று நான் அப்பத்தாவிடம் கேட்காமல் விட்டது இன்றுவரை உறுத்துகிறது.

பிறகுதான் ‘அந்தம்மா’. 1964 அக்டோபர் 30, தில்லி. சிறிமாவோவும் லால்பகதூர் சாஸ்திரியும் கையெழுத்திட்டார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர். அதில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. அங்கிருந்து ஏழு பேர் போனால் அங்கே நாலு பேருக்குக் குடியுரிமை. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தார்கள். அந்தப் பிறகு 1974-இல் வந்தது. சிறிமாவோவும் இந்திராவும் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்த இரண்டு பெண் பிரதமர்கள் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். கொழுந்தெடுக்கும் ஒருத்தியிடமும் எங்கே இருக்க விருப்பம் என்று அவர்கள் கேட்கவில்லை. என் சோப்பு டப்பாவின் விலை அது.

நம் நாடு மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்கு வம்சாவளியால் இந்தியக் குடியுரிமை கிடைக்க 1992 டிசம்பர் 10 வரை தந்தை இந்தியராக இருக்க வேண்டும் என்றுதான் நம் சட்டமும் சொன்னது. இரண்டு கரையிலும் ஒரே இலக்கணம்.

1973-74-இல் தோட்டங்களில் பஞ்சம். அரிசிப் பங்கீடு சுருங்கி, மாவும் கிடைக்காமல், மரவள்ளியும் கீரையும் தின்றார்களாம். கண்டியிலிருந்த இந்திய அலுவலகத்தில் தாத்தா மனுக் கொடுத்திருந்தார். குடும்ப அட்டை வந்தது. அதில் தாத்தாவின் பெயருக்குக் கீழே மனைவியாக அப்பத்தா, மகனாக என் அப்பா. என் அத்தையின் பெயர் இல்லை. அவளை அதற்கு மூன்று வருடம் முன் பக்கத்துத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். மாமாவின் குடும்பம் இலங்கைக் குடியுரிமைக்கு மனுக் கொடுத்த குடும்பம். அம்மா ஏழில் போனாள், மகள் நாலில் நின்றாள். இருவருமே தங்கள் கணவர்களின் மனுவில் ஒரு வரி.

தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கி, மறுபடியும் மண்டபம் முகாம். பூட்டனைக் கொண்டுபோன அதே முகாம். அங்கிருந்து ‘சொந்த ஊருக்கு’ என்று அனுப்பினார்கள். அப்பத்தாவுக்கு வயது 39. சேவுகம்பட்டியை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. வந்து சில மாதத்தில் தை பிறந்தது. எங்கள் ஊர் சோலைமலை அழகர் பெருமாள் கோயிலில் தையில் கூடை கூடையாக வாழைப்பழத்தைச் சூறைவிடுவார்கள்; கூட்டம் பாய்ந்து பாய்ந்து பிடிக்கும். பட்டினியிலிருந்து வந்தவள் அதைப் பார்த்துவிட்டு, “இம்புட்டுப் பழத்தையும் எதுக்கு எறியிறாக, கையில குடுத்தா என்ன?” என்று கேட்டாளாம். ஊர் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறது. எனக்கு அது நல்ல கேள்வியாகத்தான் படுகிறது.

இங்கே அவள் தோட்டக் கூலிக்குப் போனாள். வெங்காயம் அறுத்தாள். மலைக்குக் காப்பிப் பழம் பறிக்கவும் போனாள். மலை ஏறினால் மட்டும் முகம் தெளியும் என்பார் அப்பா. அத்தையிடமிருந்து கடிதம் வரும். 1984-இல் போர் காரணமாகக் கப்பல் நின்றது. அதற்குப்பின் கடிதமும் அருகியது. 2001-இல் அப்பத்தா செத்தபோது அத்தைக்குச் செய்தி போய்ச் சேர இருபது நாள் ஆயிற்று.

2003-இல் இலங்கையில் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, 1964 அக்டோபர் முதல் அங்கேயே இருந்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் குடியுரிமை தந்தது. மற்றொன்று, பிள்ளையின் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமன்றித் தாய் வழியாகவும் வரலாம் என்று திருத்தியது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழித்து. ஒருநாள் கடைசிக் காலத்தில், குடும்ப அட்டையை விரித்து வைத்துக்கொண்டு நான் அப்பத்தாவிடம் அந்தக் காலத்து விசாரணையைப் பற்றிக் கேட்டிருக்கிறேன். “ஒங்கப்பன் எங்க பொறந்தான், அவுக அப்பன் எங்க பொறந்தான்னு கேட்டாக. நானும் சொன்னேன். எங்கம்மாள யாரும் கேக்கலத்தா. கேட்டிருந்தா லயத்தையே காட்டியிருப்பேன்.”

போன வருடம் அத்தையிடம் கைபேசியில் பேசும்போது பூட்டியைப் புதைத்த இடத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அத்தைக்கு எழுபது தாண்டிவிட்டது. பேத்தியைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். அந்த மலைப்பகுதியில் பழைய செடிகளைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக நட்டுவிட்டார்களாம். பேத்தி படம் எடுத்து அனுப்பினாள். வரிசை வரிசையாக இளந்தேயிலை, ஓரத்தில் ஒரு முருங்கை மரம், தலையில் துண்டு போட்ட இரண்டு பெண்கள். “இந்தப் பக்கமாத்தான் இருக்கும்” என்று அத்தை குரல்செய்தி அனுப்பியிருந்தாள்.